கயிறு இழுத்துக் கை ஓய்ந்தவர்களுக்கு: பழைய படகு மோட்டரை வீட்டில் திருத்துவது பற்றிய கேள்விகள்

மாமா விட்டுப்போன 15 குதிரைவலு யமஹா ஒன்று மட்டக்குளியில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையில் ஆறு வருடம் சாக்குப் போர்த்திக் கிடந்தது. பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டி வரும்போதெல்லாம் அம்மா அதைக் கைகாட்டுவார். இன்று அதே மோட்டர் பொல்கொட வாவியில் மாதம் இரண்டு தடவை ஓடுகிறது. இந்த விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து மோதறை, வத்தளை, மொறட்டுவை எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி வருகிறது. எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு வேலை பார்ப்பவன். கீழே உள்ளவை காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பகுதி) வைத்த, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும், பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் மோட்டர்களுக்கு மட்டும். புதிய ஃபோர்-ஸ்ட்ரோக், கணினி வைத்த இன்ஜெக்ஷன் எஞ்சின் எல்லாம் வேறு சாதி.

வருடக்கணக்காக மூலையில் கிடந்த மோட்டர். திருத்தலாமா, இரும்புக்குப் போடலாமா?

காசு எதுவும் செலவழிக்காமல், ஓர் இரவு பொறுத்தால், அரை மணித்தியால வேலையில் முடிவுக்கு வரலாம். மேல் மூடியைக் கழற்றுங்கள். தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றி அந்தத் துளைகளில் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் மேலே உள்ள ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள், வலஞ்சுழியாக மட்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கீழே தண்ணீர்ப் பம்பின் இறப்பர் இதழ்கள் மறுபக்கம் மடிந்து ஒடியும். சுற்றினால் நல்ல செய்தி. இறுகியிருந்தால் பலங்காட்டாதீர்கள்; இன்னும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஒட்டிக் கிடந்தது சில வேளை தானாக விட்டுக்கொடுக்கும்.

சுற்றுகிறது என்றால் அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம். மானி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். மோட்டர்சைக்கிள் கராஜ் எல்லாவற்றிலும் இருக்கும். த்ரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு பிளக்கும் கழன்ற நிலையில், பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு இணைத்து ஏர்த் கொடுத்துவிட்டு, ஐந்தாறு தடவை கயிறு இழுங்கள். பொதுவாக 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் சந்தோஷப்படலாம். ஆனால் அந்த எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசந்தான் முக்கியம். 110, 105 என்றால் பரவாயில்லை. 110, 70 என்றால் 70 காட்டும் சிலிண்டரில் ரிங்கோ பிஸ்டனோ ஹெட் கஸ்கெட்டோ போய்விட்டது. அதற்குப் பிறகு செலவு வேறு கணக்கு.

இந்த இரண்டு சோதனையும் சரியென்றால் மற்றவை எல்லாம் அழுக்கும் உப்பும் பழைய பெற்றோலுந்தான். "செத்துப்போச்சு" என்று என்னிடம் சொல்லப்பட்ட மோட்டர்களில் பெரும்பாலானவை பட்டினி கிடந்தவையே தவிரச் செத்தவை அல்ல.

கொழும்பில் வீட்டு முற்றத்தில் ஓட்டிப் பார்க்க முடியுமா?

முடியும், பெரிய பீப்பா ஒன்று வேண்டும். 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பீப்பாவின் மேல்பக்கத்தை வெட்டி, பலமான மரப்பலகைச் சட்டத்தில் மோட்டரை மாட்டி, மோட்டரின் காலை, அதாவது புரொப்பெல்லர் இருக்கும் கீழ்ப்பகுதியை, பீப்பாவுக்குள் இறக்குகிறேன். தண்ணீர் உறிஞ்சும் துவாரங்களும், அதற்கு மேலேயுள்ள பம்பும், புரொப்பெல்லருக்கு மேல் கிடையாக இருக்கும் தகடும் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். 15 குதிரைவலு மோட்டர் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சட்டம் ஆடினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவது. கியர் நியூட்ரலில் இருந்தாலும் கழற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் "ஒரு செக்கன்தானே" என்று ஒருபோதும் ஓட்டாதீர்கள். பம்பின் இறப்பர் சக்கரத்துக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அது இல்லாவிட்டால் சில செக்கன்களில் கருகத் தொடங்கும்.

நம்முடைய ஒழுங்கைகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. மூடிய கராஜுக்குள்ளோ, சுவர் சூழ்ந்த சிறு முற்றத்திலோ ஓட்டக் கூடாது. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அன்ரி முதல் நாள் என்னைத் திட்டியது இன்னும் காதில் நிற்கிறது.

இழுத்து இழுத்துக் கை விட்டுப்போச்சு, ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கே தொடங்குவது?

கை வைக்க வேண்டிய முதல் இடம் எஞ்சின் இல்லை. சிவப்புச் சுருள் கயிற்றோடு இருக்கும் நிறுத்தும் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா? பெற்றோல் தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? ஹோஸில் உள்ள இறப்பர்ப் பந்தை அதன் அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து அமுக்குங்கள். சில அமுக்கில் கல்லுப் போல இறுக வேண்டும். இறுகவேயில்லை என்றால் எங்கோ காற்று உள்ளே இழுபடுகிறது, அல்லது பந்துக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. ஹோஸின் இரண்டு முனையிலும் உள்ள கனெக்டரின் ஓ-ரிங்கைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான்.

நான் முதல் தடவை இந்த வரிசையைப் பார்க்காமல் நேரே பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பழைய கொயில் ஒன்று வாங்கிவந்து பூட்டினேன். மோட்டர் அசையவில்லை. மூன்றாம் நாள் என் மகள் "அப்பா, இந்தச் சிவப்புச் சாமான் கீழே கிடக்குதே" என்று கிளிப்பை எடுத்துத் தந்தாள். அந்தக் கொயில் இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

இவ்வளவும் சரியென்றால் உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து, ஐந்தாறு தடவை கயிறு இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெற்றோல் மணந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறிதான் சந்தேகம். காய்ந்து கிடந்தால் பெற்றோல் வரவில்லை, காபரேட்டர்ப் பக்கம் போங்கள். இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும்.

தீப்பொறி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பிளக்கை அதன் தொப்பியில் செருகி, அதன் உலோக உடம்பு எஞ்சினில் நன்றாகத் தொடும்படி பிடித்து, வேறொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். இறப்பர் பிடி போட்ட குறட்டால் பிடியுங்கள், வெறுங்கை வேண்டாம். நிழலான இடத்தில் பாருங்கள். நீலமாக, 'டக் டக்' என்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பலம் போதாது. பிளக்கின் துளை வழியே பெற்றோல் ஆவி வெளியே வரும் என்பதை மறக்க வேண்டாம். தீப்பொறியைத் துளையிலிருந்து தூரத்தில் வையுங்கள்.

இரண்டிலும் தீப்பொறி இல்லையென்றால் கொயிலைச் சந்தேகிக்க முதல் நிறுத்தும் சுவிச்சுக்குப் போகும் வயர்களை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். உப்புப் பிடித்த சுவிச் உள்ளுக்குள் எப்போதும் 'நிறுத்து' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வயரைக் கழற்றியதும் தீப்பொறி வந்தால் குற்றவாளி சுவிச்தான். சோதனை முடிந்ததும் புது சுவிச் போடுங்கள். நிறுத்த வழியில்லாத மோட்டரோடு தண்ணீரில் இறங்காதீர்கள்.

ஒன்றில் மட்டும் இல்லையென்றால் பிளக் தொப்பியைப் பாருங்கள். பல மோட்டர்களில் அது வயரின் நுனியில் திருகி நிற்கும். கழற்றினால் செம்பு பச்சையாகப் பூத்திருப்பது தெரியும். வயரை அரை சென்றிமீற்றர் வெட்டி, புதுச் செம்பு தெரிய மறுபடி திருகுங்கள். கடற்கரை மோட்டருக்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

பழைய ஜோன்சன், எவின்ரூட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் ஃபிளைவீலுக்குக் கீழே பொயின்ற்ஸ், அதாவது தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனைகள், இருக்கும். நுண்ணிய எமரித்தாளால் துடைத்து, 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர் இடைவெளி வையுங்கள். ஃபிளைவீலைக் கழற்றப் புள்ளர் என்ற இழுக்கும் கருவி வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங் தண்டின் நுனி கெடும், காந்தமும் வெடிக்கும்.

பிளக் எந்த எண்? கடையில் "எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்களே?

ஒன்றில்லை. என்ஜிகே பிளக்கை எடுத்துக்கொள்வோம். பீ7எச்எஸ்-10 என்று எழுதியிருந்தால், 7 என்பது வெப்ப எண், 10 என்பது 1.0 மில்லிமீற்றர் இடைவெளி. என்ஜிகேயில் எண் கூடக்கூடப் பிளக் 'குளிர்' பிளக். வேறு கம்பனிகளில் இது தலைகீழாகவும் இருக்கும். குறைந்த எண்ணுள்ள பிளக்கைப் போட்டு முழு வேகத்தில் ஓடினால் பிஸ்டன் தலை உருகும் ஆபத்து உண்டு. எச் என்பது திருகுப் பகுதியின் நீளம், 12.7 மில்லிமீற்றர். அதைவிட நீளமானதைப் போட்டால் பிஸ்டன் போய் இடிக்கும். மேல் மூடிக்குள்ளோ கைநூலிலோ சொன்ன எண்ணையே எழுதிக்கொண்டு போங்கள்.

காபரேட்டரைக் கழற்றப் பயமாக இருக்கிறது.

கைத்தொலைபேசியில் நாலு பக்கமும் படம் எடுங்கள், பயம் பாதியாகும். மீதியைக் குறைக்கக் கழற்றும் சாமான்களைப் பழைய முட்டைத் தட்டில் கழற்றிய வரிசைப்படி வையுங்கள்.

நடந்திருப்பது இதுதான்: காபரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்துக்குள் விட்டுப்போன பெற்றோல் ஆவியாகி, பின்னால் மஞ்சள் பிசின் ஒன்றை விட்டுப்போயிருக்கிறது. பெற்றோல் போகும், ஊசித்துளை அளவுள்ள ஜெட்டுகளை அது அடைத்துவிடும். கிண்ணத்தின் அடியிலுள்ள ஆணியைக் கழற்றி வடித்துப் பார்த்தாலே தெரியும். பழைய வார்னிஷ் மணம் வந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஆணிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யப்பான் மோட்டர்களின் சிலுவைத் தலை ஆணிகள் பார்க்கச் சாதாரண ஃபிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் தலையின் வெட்டு வேறு. ஃபிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர் அதில் மேலே எம்பி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். யப்பான் தரத்து ஸ்குரூ டிரைவர் ஒன்றை பழைய சோனகத் தெருவில் தேடி வாங்குங்கள். அதற்குக் கொடுத்த காசைப் போல வேறெந்தக் காசும் எனக்குப் பலன் தரவில்லை.

பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சிறு திருகாணி இருக்கும், மெதுவோட்டத்தைச் சரிசெய்வது. கழற்றமுன் அதை மெதுவாக உள்ளே திருகுங்கள். எத்தனை சுற்றில் போய் முட்டுகிறது என்று எண்ணி எழுதுங்கள். பூட்டும்போது முட்டவிட்டு, அதே அளவு வெளியே எடுக்க வேண்டும். முட்டிய பிறகு இறுக்கினால் ஊசி நுனி கெட்டுவிடும்.

பிறகு மிதவை, ஊசி, ஜெட்டுகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இறப்பர், பிளாஸ்டிக் சாமான்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டுத்தான் காபரேட்டர் கிளீனர் அடிக்க வேண்டும். ஜெட்டுக்குள் இரும்புக் கம்பி போடாதீர்கள். துளை பெருத்தால் எரிபொருள் கணக்கே மாறும். பழைய மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையோ தூண்டில் நைலான் நூலோ போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். நான் முதல் தடவை பெரிய ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பூட்டினேன். மோட்டர் வேகமாக ஓடியது, மெதுவோட்டத்தில் நின்றது. சின்ன ஜெட் அப்படியே அடைத்துக் கிடந்திருக்கிறது. மறுபடி கழற்றினேன்.

கஸ்கெட்டும் ஊசியும் கொண்ட திருத்தக் கிட் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். பழைய கஸ்கெட்டால் காற்று இழுத்தால் கலவை மெலியும். மெலிந்த கலவையோடு எண்ணெயும் குறையும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனை உரசிக் கொல்வது அதுதான்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐந்து நிமிடத்தில் நிற்கிறது. ஏன்?

நிற்கப் போகும் தருணத்தில் இறப்பர்ப் பந்தை அமுக்குங்கள். அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால் எஞ்சினில் உள்ள எரிபொருள் பம்பின் மென்தகடு கிழிந்திருக்கிறது. சிறிய சாமான், நாலு ஆணி. பந்து உள்ளே ஒட்டி நசுங்கிக் கிடந்தால் தாங்கியிலிருந்து பெற்றோல் வரவில்லை: காற்றுத் திருகு மூடியிருக்கும், அல்லது தாங்கிக்குள் வடிகட்டி அடைத்திருக்கும். இரண்டும் இல்லாமல் சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் கொயில் சூட்டில் விட்டுவிடுகிறது. நின்ற உடனேயே தீப்பொறி பாருங்கள். ஆறவிட்டுப் பார்த்தால் இருக்கும், நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

பின்னால் தண்ணீர் பீச்சவில்லை. ஓடலாமா?

ஓடக் கூடாது. எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் அது. உடனே நிறுத்துங்கள். மற்ற எல்லாப் பிழையும் உங்களைக் கரையில் நிறுத்தும். இந்தப் பிழைதான் எஞ்சினைத் தின்னும்.

தண்ணீர் வரும் வழியைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பாருங்கள். பீச்சும் சிறு துவாரமே உப்பால், சேற்றால் அடைத்திருக்கலாம், அல்லது குளவி கூடு கட்டியிருக்கலாம். தடித்த தூண்டில் நூலை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். அடுத்து கீழே உறிஞ்சும் சல்லடை. பொல்கொடவில் ஆகாயத்தாமரை வேரும், களனி முகத்துவாரத்தில் ஷொப்பிங் பேக்கும் அதில் போய் ஒட்டும். இரண்டும் சுத்தமென்றால் பம்புக்குள் இருக்கும் இம்பெலர்.

இம்பெலர் என்பது இதழ் விரித்த பூ மாதிரி ஓர் இறப்பர்ச் சக்கரம். வருடக்கணக்காக ஓடாமல் கிடந்தால் இதழ்கள் மடிந்த நிலையிலேயே விறைத்துப்போகும். ஓடினாலும் இரண்டு மூன்று பருவத்தில் மாற்றுவது நல்லது. பழைய மோட்டர் கைக்கு வந்தால், தண்ணீர் பீச்சினாலும் சரி, நான் முதலில் மாற்றுவது இதைத்தான்.

வேலை இப்படி. கியர் இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். மோட்டருக்கு மோட்டர் அது இருக்கும் இடம் வேறு. கால்பகுதியைப் பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்றி, நேரே கீழே இழுங்கள். நீளமான தண்டு ஒன்றோடு கால் கையில் வரும். தண்டின் அடியில் பம்பு. மூடியைத் திறந்து சக்கரத்தை எடுக்கும்போது தண்டில் சின்ன உலோகச் சாவி ஒன்று இருக்கும், அது புல்லில் விழுந்தால் அன்றைய நாள் போயிற்று. கீழே வெள்ளைத் துணி விரியுங்கள்.

புதுச் சக்கரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, தண்டை வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே மூடியை அமுக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடியும். கிறீஸ் வேண்டாம். திரும்பக் காலை ஏற்றும்போது மேலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் பம்பின் வாயில் உட்காருகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இது தவறினால் எல்லாம் புதிதாக இருந்தும் தண்ணீர் வராது.

பழைய சக்கரத்தில் இதழ் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு எங்கே? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. புது இம்பெலர் போட்டேன், தண்ணீர் பீச்சியது, சந்தோஷமாகப் பிலியந்தலைப் பக்கம் வாவியில் இறங்கினேன். கால் மணித்தியாலத்தில் பீச்சல் நூலாக மெலிந்தது, பிறகு ஆவி. உடைந்த இதழ் மேலே போய், எஞ்சின் சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டின் வாயில் ஒட்டியிருந்தது. துடுப்புப் போட்டுக் கரை சேர இரண்டு மணித்தியாலம். அன்றிலிருந்து பழைய இதழ்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறேன்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கக் குசினிச் சட்டியே காணும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். தண்ணீர் கொதிக்க வெகு முன்னரே வாய் திறக்க வேண்டும். பிறகு அந்தச் சட்டியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்க முயற்சிக்காதீர்கள்.

எண்ணெய் எவ்வளவு கலப்பது?

எழுபதுகளுக்குப் பிந்திய பெரும்பாலான மோட்டர்களுக்கு 50:1. அதாவது 10 லீற்றர் பெற்றோலுக்கு 200 மில்லிலீற்றர் எண்ணெய். மிகப் பழையவற்றுக்கு 25:1, அதே 10 லீற்றருக்கு 400. கைநூல் சொல்வதே முடிவு. எண்ணெய்ப் போத்தலில் டீசி-டபிள்யூ 3 (TC-W3) என்ற தரக்குறி இருக்க வேண்டும். மோட்டர்சைக்கிளுக்கு விற்கும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, சாம்பல் விடும் சேர்மானங்கள் அதில் உண்டு. தண்ணீரில் குளிரும் மோட்டரில் அது பிளக்கையும் ரிங்கையும் அழுக்காக்கும். அவசரத்துக்கு ஒரு தரம் போட்டால் ஒன்றும் வெடிக்காது, பழக்கமாக்க வேண்டாம். புகை கூடுகிறது என்று எண்ணெயைக் குறைக்கவே கூடாது.

என்னுடையது மண்ணெண்ணெய் மோட்டர். அதையும் இப்படித்தானா?

அடிப்படை இதேதான். இந்த மோட்டர்கள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுபவை. தொல்லை வருவது நிறுத்தும்போது. மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கிண்ணம் முழுக்க மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. கரைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் முன்னரே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். கரிப்படிவும் அதிகம், பிளக்கை அடிக்கடி துடைக்க வேண்டும்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலாக 340 ரூபாய்க்குப் போனபோது, "இதைப் பெற்றோலிலேயே ஓட்டலாமா" என்று பலர் கேட்டார்கள். ஜெட் அளவு மாறும், அதனால் பாஸ் (தேர்ந்த மெக்கானிக்) ஒருவரைக் கேட்காமல் வேண்டாம் என்பதே என் பதில். மறுபக்கம், பெற்றோல் மோட்டரில் மண்ணெண்ணெய் கலந்து மிச்சம் பிடிப்பது முட்டாள்தனம். ஒக்டேன் குறைந்து எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டன் போகும்.

கான்களில் வாங்கும் பெற்றோலில் சந்தேகமா? வெள்ளைத் தாளில் சில துளி விட்டுக் காயவிடுங்கள். எண்ணெய் கலக்க முன்னரே இதைச் செய்ய வேண்டும். சுத்தமான பெற்றோல் தடம் விடாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்ப் பொட்டு நிற்கும்.

கியர் எண்ணெய் பால்தேத்தண்ணி மாதிரி வருகிறது.

தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை தூண்டில் நூல் சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் இறப்பர் சீல் அறுந்திருக்கும். புது சீல் போட வேண்டும். ஆணிகளின் வொஷர்களையும் மாற்றுங்கள். எண்ணெய் விடுவது கீழ்த் துளையால். மேல் துளையில் குமிழியில்லாமல் எண்ணெய் வழியும் வரை கீழிருந்து ஏற்றுங்கள், முதலில் மேல் ஆணியை இறுக்கிப் பிறகுதான் கீழே உள்ள ரியூபை எடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபட்டுப் பாதிதான் நிரம்பும். வடித்த எண்ணெயில் மை போல நுண்துகள் இருந்தால் சாதாரணம். துண்டாக இரும்பு வந்தால் கியர்ப் பல் உடைந்திருக்கிறது.

எஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை.

சின்ன மோட்டரென்றால் புரொப்பெல்லரைப் பிடிக்கும் ஊசி உடைந்திருக்கும். அது உடைவதற்கென்றே செய்த ஊசி. இரும்பாணி போட்டு ஓட்டினால் அடுத்த கல்லில் கியர் உடையும். பெரிய மோட்டரென்றால் புரொப்பெல்லர் நடுவிலுள்ள இறப்பர் வழுக்குகிறது. உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே பெயின்ற்றால் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள், கோடு விலகினால் அதுதான்.

துருப்பிடித்த ஆணி அசையவே மாட்டேன் என்கிறது.

அலுமினியத்துக்குள் இருக்கும் இரும்பாணி, நடுவில் உப்பு. பலம் காட்டினால் தலை கழன்று கையில் வரும். துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். பிறகு ஆணித் தலையில் நேரே சுத்தியலால் சில தட்டு. பிறகு சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும். பெற்றோல் ஹோஸ் பக்கத்தில் நெருப்புச் சுவாலை வேண்டாம். அவிழ்க்கும் பக்கம் மட்டும் திருகாமல், கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் அவிழ்த்து, முன்னும் பின்னுமாக. பூட்டும்போது ஒவ்வோர் ஆணிக்கும் கடல் கிறீஸ் பூசுங்கள். அடுத்த தடவை கழற்றப்போவதும் நீங்கள்தான்.

மோட்டர் தண்ணீரில் விழுந்துவிட்டது.

எடுத்த உடனே நேரம் ஓடத் தொடங்கும். தண்ணீருக்குள் இருக்கும் வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. காற்றுப் பட்டதும்தான் துரு ஓடிவருகிறது. அன்றைக்கே பார்க்க முடியாவிட்டால் நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். பார்க்க முடிந்தால் நல்ல தண்ணீரால் முழுதாகக் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, மோட்டரைச் சாய்த்து மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளுங்கள். மணல் உரசும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திக் கழற்றத்தான் வேண்டும். காபரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, புதுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்ததென்றால் கையால் சுற்றும்போது இறுக்கம் தெரிகிறதா பாருங்கள். கனெக்டிங் ரொட் வளைந்திருக்கலாம்.

சாமான் எங்கே கிடைக்கும்?

ஆணி, ஓ-ரிங், ஹோஸ், வொஷர் எல்லாம் பழைய சோனகத் தெரு. எண்ணெய் சீலும் பெயரிங்கும் அவற்றில் பொறித்த அளவைச் சொன்னால் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். மோட்டர்க் கம்பனிப் பெயர் சொல்லத் தேவையில்லை, சொன்னால் விலை கூடும். இம்பெலர், காபரேட்டர்க் கிட் போன்றவற்றை முகவரிடமோ, மோதறை, நீர்கொழும்புப் பக்கம் மீனவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளிலோ கேளுங்கள். யமஹாவின் என்டியூரோ வகைகள் நீண்ட காலம் பெரிதாக மாறாமல் வந்தவை, சாமானுக்குப் பஞ்சமில்லை. எவின்ரூட் உற்பத்தி 2020இல் நின்றது. 1909இல் தொடங்கிய பெயர், கவலைதான். பழைய சாமானைக் கையில் கொண்டு போங்கள். பழைய மோட்டர் வாங்குவதென்றால் தொடர் இலக்கம் தேய்க்கப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி வாருங்கள்.

எதைப் பாஸிடம் விட வேண்டும்?

கிராங் பெயரிங், ரிங் மாற்றுவது, கியர்ப் பெட்டிக்குள் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து அளவெடுப்பது, சிலிண்டர் கடைவது. ஒருமுறை நான் காபரேட்டரைக்கூடக் கழற்றாமல் ஒரு வேலைத்தளத்தில் கொடுத்தேன். "எஞ்சின் பிரிக்க வேணும்" என்றார்கள். அடைத்துக் கிடந்தது ஒரு ஜெட். அதனால் கொண்டுபோகமுன் கம்ப்ரெஷன் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணோடு போகிறவரிடம் கதை வேறு மாதிரி இருக்கும்.

மே மாதம் கடல் குழம்பிவிடும். செப்டெம்பர் வரை மோட்டரை எப்படி வைப்பது?

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் இந்த மாதங்களில்தான் மோட்டர்கள் கெடுகின்றன, ஓடும்போது அல்ல. கடைசி நாள் பீப்பாவில் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் ஹோஸைக் கழற்றிக் காபரேட்டர் காயும் வரை விடுங்கள், பிறகு கிண்ணத்து ஆணியைக் கழற்றி மிச்சத்தையும் வடியுங்கள். பிளக் துளைகளில் கொஞ்சம் எண்ணெய், இரண்டு சுற்று, பிளக்கைப் பூட்டுங்கள். கியர் எண்ணெயை இப்போதே மாற்றுங்கள். தண்ணீரோடு நாலு மாதம் கிடந்தால் பெயரிங் போகும். காலில் உள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் புதிது போடுங்கள், அதற்கு மேல் பெயின்ற் அடிக்காதீர்கள். மோட்டரின் உலோகத்துக்குப் பதிலாகக் கரையத்தான் அது அங்கே இருக்கிறது.

மோட்டரை நிமிர்த்தி வையுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் வடியட்டும். பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே வியர்க்கும். பழைய பருத்திப் படங்கு போதும். மாதத்துக்கு ஒருமுறை கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுங்கள். எங்கள் வீட்டில் அது மின்கட்டணச் சிட்டை வரும் நாள்.